கேஸ் முடியுற வரைக்கும் ஸ்டேட்டஸ் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில ஒரு வக்கீல் ஆபீஸ்ல ரொம்ப வருஷமா குமாஸ்தாவா வேல பாக்குறேன். குடும்ப நல கோர்ட்டு கேஸ்தான் எங்ககிட்ட அதிகம். பெட்டிஷன் டைப் அடிச்சு நம்பர் ஆகுற வரைக்கும் அலையுறது, வாய்தா தேதிய டைரில குறிச்சு கட்சிக்காரங்களுக்கு போன் போட்டு ஞாபகப்படுத்துறது, டாக்குமென்ட்ட வரிசையா அடுக்கி டைப் செட் போடுறது, இதெல்லாம் என் வேல. முன்னாடி ஒரு டைவர்ஸ் கேஸ் கட்ட பிரிச்சா கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, நகை பில்லு, ஆஸ்பத்திரி சீட்டு, ரெண்டு மூணு லெட்டர் இருக்கும். இப்ப பாதி கட்டு ஸ்க்ரீன்ஷாட்டுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பேஸ்புக் போஸ்ட், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், அதுக்கு அடியில யாரு யாரோ போட்ட கமெண்ட்டு, எல்லாத்தையும் கலர் பிரிண்ட் எடுத்துட்டு வந்து எக்ஸிபிட்டா, அதாவது கோர்ட்டு சான்று ஆவணமா, மார்க் பண்றாங்க. அதுல முக்காவாசி அவங்கவங்களே ராத்திரி கோவத்துலயோ, சந்தோஷத்துலயோ, நாலு சொந்தக்காரங்க பாக்கட்டும்னோ போட்டது. இதுல என்ன ஆபத்து இருக்குன்னு கேஸ் போடுற அன்னைக்கு இவங்ககிட்ட யாரும் உக்காந்து சொல்றதில்ல, அதனாலதான் உங்களுக்கு எழுதுறேன். கீழ சொல்லியிருக்குற ஆளுங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியிருக்கேன்.

முதல்ல ஜீவனாம்ச விஷயம். 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிருச்சு, ஜீவனாம்சம் கேக்குற கேஸ்ல ரெண்டு தரப்பும் தன்னோட வருமானம், சொத்து, கடன், மாசச் செலவு எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும். சத்தியம் பண்ணி கையெழுத்துப் போட்டுக் குடுக்குற பேப்பர் அது. அதுல ஒண்ணு எழுதிட்டு பேஸ்புக்ல வேற ஒண்ணு போட்டா என்ன ஆகும்?

ஒரு கேஸ்ல எதிர் தரப்பு வீட்டுக்காரர் மாசம் 18,000 ரூபா சம்பளம், வாடகை போக கையில ஒண்ணும் நிக்கலன்னு அஃபிடவிட் போட்டிருந்தாரு. அதே மாசம் பேஸ்புக்ல புது புல்லட் போட்டோ. தெப்பக்குளம் மாரியம்மன் கோயில் வாசல்ல வண்டிய நிறுத்தி, ஹேண்டில்பார்ல மாலை, டேங்க்ல சந்தனம் குங்குமம், முன் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம், பக்கத்துல கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு இவரு, மேல "உழைப்புக்கு கிடைச்ச பரிசு"ன்னு ஒரு வரி. கூண்டுல ஏறி நிக்கும்போது எங்க சார் அந்த பிரிண்ட்ட கையில குடுத்து வண்டி யாரோடதுன்னு கேட்டாரு. தம்பியோடதுங்கன்னாரு. தம்பி என்ன வேல பாக்குறாருன்னா காலேஜ் படிக்கிறான்னாரு. சரி ஆர்.சி. புக் யாரு பேர்ல இருக்குன்னு கேட்டதும் அவரு வக்கீல திரும்பிப் பாத்தாரு, வக்கீல் கட்டப் பாத்தாரு. வண்டி லோன்ல வாங்குனதுதான், தவணை கட்ட முடியாம அவரு திணறுனதும் நெசம்தான். ஆனா அந்த ஒரு போட்டோவால, அவரு சொன்ன உண்மையக்கூட நம்ப ஆள் இல்லாமப் போச்சு.

பொம்பளைங்க பக்கமும் இதே கதைதான். எங்க கட்சிக்காரப் பொண்ணு ஒண்ணு, கைக்கொழந்தையோட அம்மா வீட்ல வந்து உக்காந்துருக்கு, சொந்தமா வருமானம் கெடையாதுன்னு ஜீவனாம்சம் கேட்டு எம்.சி.ன்னு சொல்ற ஜீவனாம்ச கேஸ் போட்டிருந்தோம். பொழுது போகாம, ரெண்டு காசு வரட்டும்னு, அக்கா கடையில இருந்து சேலைய வாங்கி இன்ஸ்டாகிராம்ல போட்டு வித்துச்சு, ஒரு சேலைக்கு அம்பதோ நூறோ நிக்கும், சில மாசம் அதுவும் இல்ல. ஆனா பேஜ்ல பாத்தா பெரிய ஜவுளிக்கடை மாதிரி இருக்கும், எல்லா படத்து மேலயும் "சோல்ட் அவுட்", "ஸ்டாக் முடிஞ்சது, அடுத்த லாட் திங்கக்கிழமை", "1000 கஸ்டமர்களுக்கு நன்றி"ன்னு. இப்படி போட்டாதான் ஜனங்க வாங்குறாங்க, அதுக்காக போட்டது. எதிர் தரப்பு அதையே அம்பது பக்கம் பிரிண்ட் எடுத்து, இந்தம்மா மாசம் லட்சக்கணக்குல சம்பாதிக்குறாங்கன்னு கவுன்டர், அதாவது பதில் மனு, போட்டுட்டாங்க. அக்கா கடை பில்லு, பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே ஹிஸ்டரி எல்லாத்தையும் தேடிப் பிடிச்சு, இல்லைங்க, இதான் நெசம்னு நிரூபிக்குறதுக்குள்ள பல வாய்தா ஓடிருச்சு, அதுவரைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் ஒரு ரூபா வரல. அந்தப் பொண்ணு மேல எனக்கு கோவமே வரல. இந்த ஆப்ல எல்லாரும் அப்படித்தான் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுறாங்க. கோர்ட்டுல அது கூட்டிக் காட்டுனதுன்னு நாமதான் நிரூபிக்கணும், அங்கதான் செரமம்.

இன்னொன்னு, நெறைய பேருக்கு சுத்தமா தெரியாத விஷயம். இந்து திருமணச் சட்டத்துல 23வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. கொடுமைன்னு சொல்லியோ, தகாத உறவுன்னு சொல்லியோ டைவர்ஸ் கேட்டா, கேக்குறவங்க அத மன்னிச்சு ஏத்துக்கிட்டாங்களான்னு கோர்ட்டு பாக்கணும். அடி தாங்காம ஒரு வாரம் அம்மா வீட்டுக்கு வந்து திரும்பிப் போயிருப்பாங்க, அந்தச் சமயம் கல்யாண நாள் வந்திருக்கும், மாமியார் வீட்டு ஆளுங்க தப்பா நெனைக்கக் கூடாதேன்னு ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டு நிக்குற போட்டோவ போட்டு, "ஹேப்பி ஆனிவர்சரி மாமா, ஏழேழு ஜென்மத்துக்கும் நீங்கதான்"னு எழுதி ஹார்ட்டு போட்டிருப்பாங்க. பெட்டிஷன்ல எந்தத் தேதிக்கு அப்புறம் கொடுமை தாங்கலன்னு எழுதுறோமோ அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு இந்த போஸ்ட் நிக்கும். நம்ம ஊர்ல குடும்ப கௌரவத்துக்காக சிரிச்ச முகத்தோட போட்டோ போடுற பொண்ணுங்க எத்தனை பேருன்னு ஜட்ஜுங்களுக்கும் தெரியாம இல்ல. ஆனாலும் குறுக்கு விசாரணையில அந்தக் கேள்வி வரும், கூண்டுல நின்னு பதில் சொல்லணும். அப்படி போஸ்ட் ஏற்கனவே இருந்தா, வக்கீல்கிட்ட முதல் நாளே சொல்லிருங்க, மறைக்காதீங்க. முன்னாடியே தெரிஞ்சா பெட்டிஷன்லயே காரணத்தோட எழுதிரலாம்.

அடுத்து வசவு. இதுதான் எல்லாத்துலயும் மோசம். புருஷன் வேல பாக்குற கம்பெனிய டேக் பண்ணி "இந்த மாதிரி ஆள வேலைக்கு வெச்சிருக்கீங்களே"ன்னு போடுறது, பொண்டாட்டி நடத்தைய பத்தி ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஆடியோ அனுப்புறது, மாமனார் மாமியார் போட்டோவப் போட்டு "வரதட்சணை பேய்"னு எழுதுறது. கேட்டா, நடந்தத தானே போட்டேன், பொய்யா போட்டேன்னு கேப்பாங்க. சட்டத்துல அது மட்டும் போதாது. பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல அவதூறு பத்தி சொல்ற 356வது பிரிவுப்படி 2 வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு, உண்மைதான்னு தப்பிக்கணும்னா அத வெளிய சொன்னது பொது நன்மைக்குன்னும் காட்டணும். புருஷன் பொண்டாட்டி சண்டையில பொது நன்மைன்னு எதக் காட்டுவீங்க?

அதைவிட முக்கியம், அந்த போஸ்ட்டே டைவர்ஸ்க்கு காரணமா மாறிரும். 2013ல சீனிவாச ராவ் எதிர் தீபா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, வாழ்க்கைத் துணையோட வேலையும் தொழிலும் பாதிக்குற மாதிரி ஆதாரமில்லாத அவதூற பரப்புறது மனரீதியான கொடுமைன்னு சொல்லிச்சு, ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும்னு கூட இல்ல, பிரிஞ்சு இருக்கும்போது பண்ணாலும் கொடுமைதான்னு அதுலயே இருக்கு. 2021 பிப்ரவரியில ஜாய்தீப் மஜும்தார்னு ஒரு ராணுவ அதிகாரி கேஸ். மனைவி நல்லா படிச்சவங்க, காலேஜ்ல பாடம் நடத்துறவங்க. அவரோட மேலதிகாரிங்களுக்கு புகார் மேல புகார் அனுப்புனாங்க, மத்த தளங்கள்லயும் அவதூறா எழுதிப் போட்டாங்க, அதனால அவரு வேலையும் பேரும் கெட்டுப்போச்சு, இது கொடுமைதான்னு சொல்லி சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு டைவர்ஸ் குடுத்துருச்சு. அந்தம்மா கேட்டது என்ன தெரியுமா, சேர்ந்து வாழணும்னு. சேர்ந்து வாழணும்னு கேஸ் போட்டவங்களுக்கு அவங்க எழுதுனதே எதிரா நின்னுச்சு.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். அடி வாங்குறவங்க வாய மூடிக்கிட்டு கெடங்கன்னு நான் சொல்லல. அப்படி யாராவது இந்த லெட்டர எடுத்துக்கிட்டா அது பெரிய பாவம். வீட்ல அடி விழுதுன்னா 181க்கு போன் பண்ணுங்க, மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு போங்க, 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு அலுவலர்னு மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்காங்க, அவங்ககிட்ட எழுதிக் குடுங்க. உடம்புல காயம் இருந்தா அரசு ஆஸ்பத்திரிக்கு போய் எப்படி பட்டுச்சுன்னு சொல்லி சீட்டு வாங்குங்க. அந்தச் சீட்டுக்கு கோர்ட்டுல இருக்குற பலம், ஆயிரம் பேரு லைக் போட்ட வீடியோவுக்கு கெடையாது. புகார் போக வேண்டிய எடத்துக்கு போகட்டும்னுதான் சொல்றேன்.

சமாதானமா முடிய வேண்டிய கேஸ்ங்க கூட இதுனால நாசமாகுது. மியூச்சுவல்னு நாங்க சொல்ற 13பி கேஸ்ல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டாலும் நடுவுல 6 மாசம் அவகாசம் இருக்கு, 2017ல இருந்து தேவைப்பட்டா கோர்ட்டு அதத் தள்ளுபடி பண்ணலாம், ஆனா எல்லாருக்கும் பண்றதில்ல. தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரு வேணாலும் சம்மதத்த வாபஸ் வாங்கலாம், இது 1991லயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஒரு கேஸ், மீடியேஷன்ல மாசக்கணக்கா உக்காந்து பேசி முடிச்சது. நகை திருப்பிக் குடுக்குறது, சீர் சாமான் லிஸ்ட், ஒட்டுமொத்தமா ஒரு தொகை, கொழந்தைய எந்த வாரம் யாரு வெச்சுக்கிறது, எல்லாம் எழுதியாச்சு. பொண்ணோட தாய்மாமா ஒருத்தரு, மீடியேஷனுக்கு ஒரு நாள் கூட வராதவரு, ஊர் குரூப்ல "பணத்த வீசி எறிஞ்சா போதும்னு நெனச்சானுங்க, கக்க வெச்சிட்டோம்ல"ன்னு ஒரு மெசேஜ் தட்டிவிட்டாரு. பையன் வீட்டுக்கு அது பத்து நிமிஷத்துல போயிருச்சு. பையன் அப்பா பஞ்சாயத்து பண்ண நாலு பேர் முன்னாடி, இனி ஒரு பைசா கெடையாது, கோர்ட்டுலயே பாத்துக்குறோம்னுட்டாரு. பையன் சம்மதத்த வாபஸ் வாங்கிட்டான். இன்னும் அது ஒருத்தர ஒருத்தர் எதிர்த்து நடத்துற கேஸாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு, அந்தப் பொண்ணுக்கு வேற நல்ல எடம் வந்தது அதுக்குள்ள கைவிட்டுப் போச்சு. மாமாவுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அதனால சொந்தக்காரங்களுக்குத்தான் நான் கையெடுத்துக் கும்பிட்டு சொல்லுவேன், உங்க பொண்ணு மேல, உங்க தம்பி மேல பாசம் இருந்தா அந்த கேஸ் பத்தி எந்த குரூப்லயும் ஒரு வார்த்த எழுதாதீங்க.

கொழந்தைங்க விஷயம்தான் எனக்கு தூக்கம் வராமப் பண்ணுது. கோர்ட்டு வளாகத்துல வெச்சு கொழந்தைய பாக்கச் சொல்லி ஆர்டர் ஆகும், அப்பாவோ அம்மாவோ வாரத்துல அந்த ஒரு மணி நேரத்துக்காக பிஸ்கட்டு, பொம்மையெல்லாம் வாங்கிட்டு ஓடி வருவாங்க. வந்து உக்காந்ததும் போன எடுத்து வீடியோ. நேரம் முடிஞ்சு கொழந்த பிரியும்போது அழுவும்ல, அத விடாம எடுத்து சோகப் பாட்டு போட்டு, "என் உயிர என்கிட்ட இருந்து பிரிச்ச பாவிங்க"ன்னு ரீல்ஸ் போடுவாங்க. வலி நெசம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு அடியில வர்ற கமெண்ட்ட பாத்திருக்கீங்களா? முகம் தெரியாத ஆளுங்க அந்தக் கொழந்தையோட அம்மாவ என்னென்ன வார்த்த சொல்லித் திட்டுறானுங்க, எதிர் தரப்பு ஆளுங்க வந்து அப்பாவ திட்டுறாங்க. ஒரு பையன், ஏழாவது படிக்கிறவன், ஸ்கூல்ல யாரோ ஒரு பய அவன் அம்மாவப் பத்தி வந்த கமெண்ட்ட கிளாஸ்ல சத்தமா படிச்சிருக்கான். அதுக்கப்புறம் இவன் ஸ்கூலுக்கு போக மாட்டேன்னு அடம். ஜட்ஜ் அம்மா அவன சேம்பருக்குள்ள தனியா கூப்பிட்டுப் பேசுனாங்க. உள்ள என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, ஆனா அடுத்த வாய்தாவுல ரெண்டு பேருமே கொழந்த படத்தையோ வீடியோவையோ எங்கயும் போடக்கூடாது, போட்டதெல்லாம் எடுக்கணும்னு ஆர்டர் போட்டாங்க. கொழந்த யாருகிட்ட இருக்கணும்னு முடிவு பண்றதுல கொழந்தையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு இந்து மைனர் கார்டியன்ஷிப் பத்துன 1956 சட்டத்துலயே இருக்கு. அப்பா பாசமா இருக்காரா, அம்மா பாசமா இருக்காங்களான்னு மட்டும் கோர்ட்டு பாக்குறதில்ல, யாரு கொழந்தைய சண்டைக்கு நடுவுல இழுத்து விடுறாங்கன்னும் பாக்குது. பாசத்தக் காட்டணும்னு போடுற ரீல்ஸே கொழந்தைய கைய விட்டுப் போக வெச்சிரும்.

இனி போன நோண்டுற விஷயம். எங்க ஆபீஸ்க்கு வர்றவங்கள்ல நெறைய பேரு பொண்டாட்டி போன்ல இருந்து, புருஷன் போன்ல இருந்து எடுத்ததத்தான் கொண்டு வர்றாங்க. 2024 அக்டோபர் கடைசியில நம்ம மதுரை ஹைகோர்ட்டு கிளையில ஒரு தீர்ப்பு வந்துச்சு, பரமக்குடி கோர்ட்டுல நடந்த கேஸ், புருஷன் மனைவிக்குத் தெரியாம அவங்க போன் கால் விவரத்த எடுத்து தாக்கல் பண்ணிட்டாரு. தனியுரிமை அடிப்படை உரிமை, பொண்டாட்டிக்கும் அது உண்டு, அத மீறி எடுத்த ஆதாரத்த ஏத்துக்க முடியாதுன்னு ஜட்ஜ் ஜி.ஆர்.சுவாமிநாதன் சொல்லிட்டாரு. அத நம்பி, அப்ப நாம பேசுனது எதையும் எடுக்க முடியாதுல்லன்னு நிம்மதியா இருந்தவங்களுக்கு 2025 ஜூலை 14ந் தேதி வேற சேதி. விபோர் கார்க் எதிர் நேஹா கேஸ்ல, புருஷன் பொண்டாட்டி தங்களுக்குள்ள பேசுனத ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தெரியாம ரெக்கார்டு பண்ணியிருந்தாலும் டைவர்ஸ் கேஸ்ல ஆதாரமா எடுத்துக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. அதோட 1984 குடும்ப நல கோர்ட்டுச் சட்டம் 14வது பிரிவுப்படி, கேஸ தீர்க்க உதவும்னா சாதாரண சாட்சியச் சட்டத்துக்குள்ள வராததையும் கோர்ட்டு வாங்கிப் பாக்கலாம். அதனால யாருகிட்ட பேசுனாலும், எத அனுப்புனாலும், இது நாளைக்கு ஜட்ஜ் கையில இருக்கும்னு நெனச்சுக்கிட்டே பேசுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வம்பிழுத்து போன் வந்தா, காலையில பேசலாம்னு சொல்லி வெச்சிருங்க.

நீங்க நோண்டவும் வேணாம், உங்க போன நோண்ட விடவும் வேணாம். அடுத்தவங்க அக்கவுண்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையுறது ஐடி சட்டம் 66வது பிரிவுல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், பாஸ்வேர்டு முன்னாடி அவங்களே சொன்னதுதான்னு சொன்னா தப்பிக்க முடியாது. அந்தரங்கப் படத்த வெளிய விட்டா 66இ, 67ஏன்னு தனிப் பிரிவெல்லாம் இருக்கு, யாராவது அப்படி மிரட்டுனா பயந்து பணம் குடுக்காம சைபர் கிரைம் போலீஸ்ல புகார் குடுங்க. பிரிஞ்சு வந்த அன்னைக்கே வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் போய் பாருங்க, பழைய வீட்டு லேப்டாப்புல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். ஜிமெயிலுக்கு ரெக்கவரி நம்பர் யாருதுன்னு பாருங்க, கல்யாணம் ஆன புதுசுல வீட்டுக்காரர் நம்பர குடுத்திருப்பீங்க, அந்த நம்பர் இருக்குற வரைக்கும் பாஸ்வேர்ட எத்தனை தடவ மாத்துனாலும் பிரயோஜனமில்ல. கொழந்த கேம் ஆடுற டேப்ல உங்க கூகுள் அக்கவுண்ட் இருந்தா நீங்க எடுக்குற ஒவ்வொரு போட்டோவும் அங்க போய் உக்காரும், வக்கீல் குடுத்த பேப்பர போட்டோ எடுத்தாலும் அதுவும் சேர்ந்து போகும். எங்க கட்சிக்காரர் ஒருத்தருக்கு இப்படித்தான் நாங்க தாக்கல் பண்றதுக்கு முன்னாடியே எதிர் தரப்புக்கு டிராஃப்ட் தெரிஞ்சுபோச்சு.

இதப் படிச்சதும் பதறிப்போய் எல்லாத்தையும் டெலிட் பண்ணிராதீங்க. ஏற்கனவே அவங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருப்பாங்க, நீங்க அழிச்சதுதான் சந்தேகத்த கூட்டும், கோர்ட்டுக்கு வர வேண்டிய ஆதாரத்த வேணும்னே அழிச்சா அதுவே தனிக் குற்றம். போட்டது போட்டதாவே இருக்கட்டும், ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு, எடுக்கலாமா வேணாமான்னு வக்கீல கேளுங்க. அதே மாதிரி நீங்க ஆதாரம் குடுக்கணும்னாலும் வெறும் பிரிண்ட் போதாது. 2024 ஜூலை 1ல இருந்து, பழைய சாட்சியச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63வது பிரிவுப்படி சர்டிபிகேட் வேணும், ஒரு பகுதி நீங்க கையெழுத்துப் போடணும், இன்னொரு பகுதி நிபுணர் போடணும், ஃபைல் மாறலன்னு காட்டுற ஹேஷ் வேல்யூன்னு ஒரு நம்பரும் அதுல வரணும். போன மாத்திட்டேன், வித்துட்டேன், ரீசெட் அடிச்சிட்டேன்னு வந்து நின்னா ஒண்ணும் பண்ண முடியாது, அதனால ஆதாரம் இருக்குற போன கேஸ் முடியுற வரைக்கும் பத்திரமா வைங்க.

இன்னொரு கூத்து, ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே மேட்ரிமோனில "டைவர்ஸ்டு"ன்னு புரொஃபைல் போடுறது. அம்மாதான் போட்டாங்க, அக்காதான் போட்டாங்கன்னு சொல்லுவாங்க. போட்டோவும் போன் நம்பரும் உங்களோடது. தீர்ப்பு வந்து அப்பீல் காலம் முடியுற வரைக்கும் மறு கல்யாணப் பேச்சையே எங்கயும் எழுத்துல வெக்காதீங்க. அப்புறம் பேஸ்புக் குரூப்ல பெட்டிஷன் காப்பிய போட்டு "பிரெண்ட்ஸ், எனக்கு ஒரு ஐடியா சொல்லுங்க"ன்னு கேக்குறவங்களும் இருக்காங்க. அந்த குரூப்ல எதிர் தரப்பு மச்சானும் இருப்பான். சட்ட ஆலோசன வேணும்னா 15100க்கு போன் போடுங்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்டக் கோர்ட்டு வளாகத்துல இருக்கு. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமா வக்கீல் வெச்சுத் தர்றாங்க.

கடைசியா பத்திரிகைக்காரங்ககிட்ட ஒரு வார்த்த, உங்க பேப்பர மட்டும் சொல்லல, எல்லாருக்கும் சேத்துத்தான். இந்து திருமணச் சட்டம் 22வது பிரிவு, இந்தக் கேஸெல்லாம் மூடுன கதவுக்குள்ளதான் நடக்கணும், அங்க நடக்குறத அச்சடிக்கவோ வெளியிடவோ கூடாதுன்னு சொல்லுது. ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்ப மட்டும் கோர்ட்டு அனுமதியோட போடலாம். மீறுனா 1,000 ரூபா வரைக்கும் அபராதம், அந்தத் தொகைய யாரும் இப்ப பெருசா நெனைக்குறதில்லங்குறதுதான் பிரச்சன. மத்த மதத்துக்காரங்க கேஸா இருந்தாலும் ஒரு தரப்பு கேட்டா குடும்ப நல கோர்ட்டு தனியாத்தான் விசாரிக்கணும். கோர்ட்டு கதவ மூடிக்கிட்டு விசாரிக்குற விஷயத்த, ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே போட்ட ஸ்டோரிய எடுத்து "பரபரப்பு"ன்னு தலைப்பு வெச்சு நியூஸ் வெப்சைட்டுல போட்டா, அவங்க நாளைக்கு மனசு மாறி அத எடுத்தாலும் உங்க பக்கத்துல அப்படியே நிக்குமே. 2025 மே மாசம் ஒரு சினிமா நடிகர் வீட்டு கேஸ்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே தலையிட்டு, ரெண்டு தரப்பும் ஒருத்தர் மேல ஒருத்தர் அவதூறா அறிக்கை விடக்கூடாதுன்னு சொல்ற அளவுக்குப் போச்சு. பேர் சொல்ல விரும்பல, அந்த வீட்லயும் கொழந்தைங்க இருக்காங்க. சினிமாக்காரங்களுக்காவது கோர்ட்டுல போய் தடை வாங்க வசதி இருக்கு, உசிலம்பட்டியில இருந்து பஸ் ஏறி வர்ற பொண்ணுக்கு எங்க இருக்கு?

நான் கேக்குறது ரெண்டு விஷயம். ஒண்ணு, குடும்ப நல கோர்ட்டு ஃபைலிங் கவுன்டர்லயும் கவுன்சிலிங் ரூம்லயும் தமிழ்ல ஒரே ஒரு பக்கத் தாள் குடுக்கணும், கேஸ் நடக்கும்போது போன்ல என்ன செய்யக்கூடாது, எத அழிக்கக்கூடாது, எந்த நம்பருக்கு போன் பண்ணணும்னு. வக்கீல் ஆபீஸ்ல சொன்னாலும் வர்றவங்க அன்னைக்கு இருக்குற மனநிலையில பாதி காதுல ஏறாது, தாள்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மா அப்பாகிட்டயும் காட்டுவாங்க. சட்டப் பணிகள் ஆணைக்குழு நெனச்சா இத ஒரு வாரத்துல அச்சடிச்சிரலாம், வக்கீல் சங்கத்துல கேட்டா எழுதிக் குடுக்க எத்தனையோ பேரு வருவாங்க, டைப் அடிச்சுக் குடுக்க நான் இருக்கேன். ரெண்டாவது, உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை பக்கத்துல இதப் பத்தி விவரம் தெரிஞ்ச ஒரு ஓய்வு பெற்ற ஜட்ஜகிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ எழுதி வாங்கிப் போடுங்க, கேள்வி பதிலா போட்டா இன்னும் நல்லது, ஜனங்க கேக்கக் கூச்சப்படுற கேள்வியெல்லாம் பேர் போடாம கேப்பாங்க.

லெட்டர போடுறதா இருந்தா என் பேரு வேணாம், ஆபீஸ் பேரும் வேணாம், எங்க கட்சிக்காரங்களுக்கு சங்கடமாயிரும்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
மதுரை.